மைனர் ஸ்கேல் 'சிறிய அளவுகோல்' இல்லை

மேற்கத்திய இசையில் 'எக்சாட்டிக் மைனர் ஸ்கேல்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் ஏழு சுர வரிசைகளில் ஒன்று ஹங்கேரியன் மைனர். அதைத் தமிழில் விளக்க வருகிறவர்கள் 'கவர்ச்சியான சிறிய அளவுகோல்' என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மூன்று சொல், மூன்றும் தப்பு.

ஸ்கேல், ஏணியைக் குறிக்கும் 'ஸ்காலா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சுரங்கள் படிப்படியாக ஏறுவதால் அந்தப் பெயர். அளப்பதற்கு இங்கே எதுவும் இல்லை. மைனர் என்றால் சிறியது, சரி. ஆனால் எது சிறியது? மேஜர் என்ற இன்னொரு வகை ஸ்கேலிலும் ஏழு சுரம், மைனரிலும் ஏழு சுரம், வரிசை எங்கே சிறுத்தது? ஸ-வுக்கும் க-வுக்கும் உள்ள இடைவெளிதான் சிறியது, மேஜரில் நான்கு அரைச்சுரம் (கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்) என்றால் மைனரில் மூன்று. அதாவது நம் கர்நாடக இசையின் பெயர்களில் சொன்னால், அந்தர காந்தாரம் போய், அதைவிட ஓர் அரைச்சுரம் தாழ்ந்த 'சாதாரண காந்தாரம்' வருகிறது, அவ்வளவுதான். 'சிறிய அளவுகோல்' என்று படிக்கிற மாணவர் இதை எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாது.

'எக்சாட்டிக்' என்பதைக் கவர்ச்சி ஆக்கியதுதான் பெரிய கொடுமை. கிரேக்க மூலத்தில் அது வெளியிலிருந்து வந்தது, அயலானது. ஐரோப்பியக் காதுக்கு அயல். ஹங்கேரியன் மைனரின் சுரங்கள் ஸ ரி2 க2 ம2 ப த1 நி3 (எண், அந்தச் சுரத்தின் எந்த வகை என்பதைக் காட்டும்). இந்த வரிசையில் க-ம, த-நி ஆகிய இரண்டு இடத்திலும் மூன்று அரைச்சுரம் தாவ வேண்டும், இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ஹங்கேரிய ராப்சடிகள் என்ற பியானோ படைப்புகளில் கேட்கிற அந்தத் தனி நிறம் இந்தத் தாவல்களிலிருந்து வருவதுதான். நமக்கு இது அயலே இல்லை. கர்நாடக இசையின் 72 தாய் ராகங்களில் (மேளங்களில்) 57-வது, சிம்மேந்திரமத்திமம்.

அதற்காக 'ஹங்கேரியன் மைனர்' என்று வரும் இடத்திலெல்லாம் சிம்மேந்திரமத்திமம் என்று மாற்றிப் போடுகிறார்களே, அதையும் ஏற்க மாட்டேன். ராகத்துக்குக் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) உண்டு, பிடிகள் (அந்த ராகத்தை அடையாளம் காட்டும் சொற்கட்டுகள் போன்ற சுரத் தொடர்கள்) உண்டு. ஸ்கேல் வெறும் சுரங்களின் பட்டியல், அதன்மேல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கட்டுவார்கள். சுரம் ஒன்று என்று சொல்லலாம், இசை ஒன்று என்று சொல்லக் கூடாது.

ஸ்கேலுக்குச் 'சுரவரிசை' போதும். மைனரை அப்படியே விடலாம், தமிழில்தான் வேண்டும் என்றால் 'சிறுகாந்தாரச் சுரவரிசை' என்று எழுதுங்கள், எது சிறியது என்பது பெயரிலேயே தெரியும். தேனுகா ராகத்தின் சுரங்களைக் கொண்ட நியாபாலிட்டன் மைனர் என்ற இன்னொரு ஸ்கேலுக்கும் இந்தப் பெயர் அப்படியே பொருந்தும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் ஒரு கீபோர்டில் அந்த ஏழு சுரத்தையும் வாசித்துப் பார்க்கட்டும்.