இலக்கு இனங்காணல்: சொல் விளக்கம்

விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தொழிலாளர் வேலைக்கு முன் ஒன்றுகூடுவதற்கு, தப்புப் பறை அடித்த நாட்களில், அவ்வொலி எதிர்மலையில் பட்டுத் திரும்பிவருவதை மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த எல்லோரும் கேட்டிருப்பர். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், எதிரொலி இரண்டு விநாடி கழித்து வந்தால் அம்மலை 340 மீற்றர் தொலைவில் இருக்கிறது. ரேடியோ அலையைக் கொண்டு ரேடாரும், நீருக்குள் ஒலியைக் கொண்டு சோனாரும் செய்வது இதே கணக்குத்தான். 1940 இல் அமெரிக்கக் கடற்படை ஆளத் தொடங்கிய 'ரேடார்' என்பது ஓர் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அதை ஒட்டிப் பிறந்ததே 'சோனார்'. இரண்டும் தமிழில் பழகிவிட்டன. அவற்றை மாற்ற முனைவது வீண் உழைப்பு.

கவனிக்க வேண்டியது வேறொரு தொடர். எதிரொலியைத் தந்தது பாறையா, படகா என்பதைக் கணினி தானே சொல்லும் முறையை ஆங்கிலத்தில் 'ஓட்டோமெட்டிக் டார்கெட் ரெகக்னிஷன்' என்கின்றனர். இதைத் 'தானியங்கி இலக்குக் கண்டறிதல்' என்று பெயர்ப்பது பொருந்தாது. ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என அறிவதே கண்டறிதல். அது எவ்வினத்தைச் சேர்ந்தது என அறிவது அதற்கு அடுத்த படி. அந்தப் படிக்கு உரிய சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. இலையையும் பூவையும் பார்த்துத் தாவரத்தை 'இனங்காண்க' என்று நம் பாடநூல்கள் நெடுங்காலமாக எழுதிவருகின்றன. இனத்தைக் காணல் என்னும் பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருப்பதால், இவ்விடத்தில் அதைவிடச் செம்மையான சொல் எனக்குத் தோன்றவில்லை.

'டார்கெட்' என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சில் சிறு கேடயத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. காக்கும் கருவியின் பெயர் பிற்காலத்தில் எய்யப்படும் குறியின் பெயராயிற்று. தமிழ் 'இலக்கு' வடமொழி 'லக்ஷ்ய' என்பதோடு உறவுடையது என்பர். 627 ஆம் குறளில் உடம்பு துன்பத்துக்கு 'இலக்கம்' எனப்படுகிறது. அங்கே இலக்கம் என்றால் எய்யப்படும் குறி. இன்று இலங்கையில் அச்சொல் எண்ணைக் குறிக்கிறது. வீட்டிலக்கம், தொலைபேசி இலக்கம் என நாள்தோறும் சொல்கிறோம்.

அவ்விரு பொருளும் இத்துறையில் ஒருங்கே வந்து சேர்கின்றன. 1988 இல் கோர்மன், செய்னோவ்ஸ்கி ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், உலோக உருளையில் பட்டுத் திரும்பிய 111 சோனார் எதிரொலிகளும் பாறையில் பட்டுத் திரும்பிய 97 எதிரொலிகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒவ்வொன்றும், வெவ்வேறு மீடிறன் (அதிர்வெண்) பட்டைகளில் அடங்கிய ஆற்றலைக் காட்டும் 60 இலக்கங்களாக மாற்றப்பட்டது; அவற்றைக் கொண்டு பழக்கிய நரம்பு வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் ஒரு கணினி முறை), பயிற்சி பெற்ற மனிதச் செவிக்கு ஈடாக அவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. எனினும் அது அறிந்த இனங்கள் இரண்டே. மூன்றாவது ஒன்று எதிர்ப்பட்டால், தனியே வேறு ஏற்பாடு செய்யாதவரை, அதையும் அவ்விரண்டில் ஒன்றாகவே சொல்லும்.

போரைக் கண்ட நம் நாட்டில் 'இலக்கு' என்பது தாக்கப்படும் பொருளையே முதலில் நினைவூட்டுகிறது. ஆனால் ரேடார்த் துறையில் அலையைத் திருப்பி அனுப்பும் எப்பொருளும், மழைத்துளி உட்பட, இலக்காகக் கொள்ளப்படலாம். ஆகவே படைத்துறைப் பொருளில் 'தன்னியக்க இலக்கு இனங்காணல்' என்றும், வானிலை, மீன்பிடி போன்றவற்றில், அலை பட்டுத் திரும்புவதைக் குறிக்கும் தெறிப்பு என்னும் நம் பௌதிகச் சொல்லை ஒட்டித் 'தெறிபொருள் இனங்காணல்' என்றும் எழுதலாம் என்பது என் கருத்து.