உப்பனாத்துல விடுற கழிவுத் தண்ணிக்கு என்ன கண்டிஷன்னு பாக்குற உரிமை நமக்கு இருக்கு

கடலூர் ஓ.டி. பக்கம் வலை போடுறவங்க, சிப்காட் ஓரத்து ஊருல குடியிருக்கவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம் இது. 1974 தண்ணீர் சட்டத்துல 25வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. எந்த கம்பெனியா இருந்தாலும் கழிவுத் தண்ணியை ஆத்துலயோ கடல்லயோ விடணும்னா மாசு கட்டுப்பாட்டு வாரியத்துகிட்ட கன்சென்ட், அதாவது அனுமதி, வாங்கணும், எவ்வளவு தண்ணி, எங்க விடலாம், அதுல எது எந்த அளவைத் தாண்டக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான் கன்சென்ட் குடுப்பாங்க. அந்த கண்டிஷனை எல்லாம் ஒரு ரிஜிஸ்டர்ல ஏத்தி வைக்கணும், அந்தத் தண்ணியால பாதிக்கப்படுறவங்க யார் வேணும்னாலும் ஆபீஸ் நேரத்துல போய் பாக்கலாம்னு அதே பிரிவுலயே எழுதியிருக்கு. புதுச்சேரிலயும் இதே சட்டம்தான், அங்க மாசு கட்டுப்பாட்டு குழுமத்துகிட்ட போகணும்.

சரி, பாத்தா என்ன இருக்கும்? பிஎச் (தண்ணியோட அமில, காரத் தன்மை), பிஓடி (கழிவைச் சிதைக்க கிருமி எடுத்துக்குற ஆக்சிஜன் அளவு), சிஓடி (கழிவை ரசாயன முறைல சிதைக்க ஆகுற ஆக்சிஜன் அளவு) இதெல்லாம் இருக்கும். பொது விதிப்படி பிஓடி ஆத்துல விட்டா லிட்டருக்கு 30 மில்லிகிராம், கடல்ல விட்டா 100. அப்புறம் மீன் டெஸ்ட். எதுவும் கலக்காம அந்தக் கழிவுத் தண்ணிலயே மீனை விட்டு 96 மணி நேரம் வைக்கணும், 100க்கு 90 மீனாவது உசுரோட இருக்கணும்.

எனக்கு கவலையே இந்த டெஸ்ட் மேலதான். நாலு நாள்ல சாகுதான்னு மட்டும்தான் இது பாக்குது. இப்ப தண்ணில சேர்ற புது ரக மாசு, அதாவது மருந்து, ஹார்மோன், பூச்சிமருந்து மிச்சம் எல்லாம் நாலு நாள்ல கொல்லாது. கனடாவுல ஒரு ஏரில 2001லேர்ந்து மூணு வருஷம் கருத்தடை மாத்திரைல இருக்க ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவுக்குத்தான் கலந்து பாத்தாங்க, ஆண் மீன் உடம்புல முட்டைக்கான புரோட்டீன் உண்டாகி, அந்த சின்ன மீன் இனமே அந்த ஏரில கிட்டத்தட்ட இல்லாம போச்சு. ஒரு மீன் கூட செத்து மிதக்கலைன்னாலும் குஞ்சு இல்லாம போனா வலைல என்ன விழும்? வலி மருந்து டைக்ளோஃபெனாக் மீனோட கிட்னியையும் செவுளையும் கெடுக்கும், ஆன்டிபயாடிக் மிச்சம் மருந்துக்கு அடங்காத கிருமியை வளத்துவிடும்.

மருந்து கம்பெனி கழிவுல ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம்னு மத்திய அரசு 2020 ஜனவரில வரைவு போட்டுச்சு, 2021 ஆகஸ்ட்ல வந்த இறுதி விதில அந்தப் பகுதியே இல்ல. இது பெரிய இழப்பு. ஆனா மத்திய விதியைவிட கடுமையா கண்டிஷன் போட வாரியத்துக்கு அதிகாரம் இருக்கு, அதனால கன்சென்ட்ல மருந்து மிச்சத்தைப் பத்தி ஒரு வரி கூட இல்லைன்னா, ஏன் இல்ல, சேருங்கன்னு எழுத்துல கேளுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்லயும் ஒரு காப்பி குடுங்க.

ரிஜிஸ்டரைப் பாக்க மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு எழுதும்போது 25(6)ன்னு பிரிவைப் போட்டு எந்தக் கம்பெனி, எந்த எடத்துல தண்ணி விடுதுன்னு தெளிவா குறிங்க. காட்டலைன்னா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் வரணும். கன்சென்ட் காப்பியோட கடைசியா எடுத்த லேப் ரிப்போர்ட்டையும் சேத்துக் கேளுங்க, மீன் டெஸ்ட் பண்ணாங்களா இல்லையான்னு அதுல தெரிஞ்சிடும்.

மடவையோ கெளுத்தியோ செத்து மிதந்தா நாமளே பாட்டில்ல புடிச்சு வச்ச தண்ணி கேஸ்ல பெருசா நிக்காது. வாரியத்து ஆளு வந்து, கம்பெனிக்கு நோட்டீஸ் குடுத்து, அவங்க ஆள் முன்னாடி எடுத்து, ரெண்டா பிரிச்சு சீல் வைக்கிற சாம்பிளுக்குத்தான் சட்டத்துல மதிப்பு. அதனால ஒடனே போன் பண்ணுங்க, தண்ணி ஏறுற நேரமா வத்துற நேரமா, என்ன நிறம், என்ன வாடைன்னு எழுதி வைங்க, போட்டோ எடுங்க. அப்பவும் நடவடிக்கை இல்லைன்னா சென்னைல இருக்க தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு நாமளே மனு போடலாம், நஷ்டஈடு கேக்கலைன்னா ஃபீஸ் 1000 ரூபா, பிரச்சனை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து 6 மாசத்துக்குள்ள போட்டுடணும்.