பிஎஸ்5ல மாரியோ ஏன் ஓடாது?

செல்லூர் பக்கம் மணிக்கணக்குக்கு காசு குடுத்து விளையாடுற கேம் சென்டர்ல புதுசா வர்ற பய எவனாச்சும் "அண்ணே, மாரியோ ஒடிசி போடுங்க"ம்பான், கடைக்காரரு "அது நிண்டெண்டோல மட்டுந்தாண்டா ஓடும், இங்க இருக்குறது சோனியோட பிஎஸ்5"ம்பாரு. இத்தனைக்கும் பிஎஸ்5ல 16 ஜிபி மெமரி, 2017ல வந்த நிண்டெண்டோவோட ஸ்விட்ச்ல வெறும் 4 ஜிபி.

வலு பிரச்சனையே இல்ல. ஸ்விட்ச்சுக்குள்ள இருக்குறது ஏஆர்எம் ப்ராசஸர், நம்ம போன்ல இருக்குற ரகம். பிஎஸ்5ல ஏஎம்டி கம்பெனியோட எக்ஸ்86, கம்ப்யூட்டர்ல இருக்குற ரகம். இதுக்கு எழுதுன கட்டளை அதுக்கு புரியாது. போதாததுக்கு படம் வரையச் சொல்ற கிராபிக்ஸ் ஏபிஐயும் ஆளுக்கு ஒண்ணு. இதையெல்லாம் மாத்தி எழுதுறதுதான் போர்ட் பண்றது, அன்ரியல், யூனிட்டி மாதிரி இன்ஜின்ல (கேம் செய்றதுக்குன்னே இருக்குற சாஃப்ட்வேர்) செஞ்ச கேம்னா பெரும்பகுதிய அதுவே பாத்துக்கும்.

முன்னாடி இது நெசமாவே தலைவலி. 2006ல வந்த பிஎஸ்3ல செல்னு ஒரு ப்ராசஸர், மெயின் கோர் (கணக்குப் போடுற பகுதி) ஒண்ணு, கூட கேமுக்குன்னு ஆறு குட்டி கோர், அது ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா 256 கேபி மெமரிதான், போன்ல எடுக்குற ஒரு போட்டோ கூட அதுல அடங்காது. டேட்டாவ துண்டு துண்டா உள்ள அனுப்பி, வேலை முடிஞ்சதும் வெளிய எடுத்து, அத்தனையும் புரோகிராமரே பாத்து பாத்து எழுதணும், அப்படி பிழிஞ்சு எழுதுனத அங்கிட்டு மைக்ரோசாப்டோட எக்ஸ்பாக்ஸ் 360க்கு கொண்டு போறதுக்குள்ள தாவு தீந்துரும். 2013ல பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ரெண்டுமே ஏஎம்டி சிப்புக்கு வந்ததோட அந்தச் சாக்கு போச்சு.

இப்ப எக்ஸ்குளூசிவ், அதாவது ஒரு கேம ஒரே மெஷின்ல மட்டும் ஓடவிடுறதுங்கறது, முக்காவாசி வியாபாரம். கேமக் காட்டி மெஷின வாங்க வைக்கணும், அப்புறம் ஸ்டோர்ல விக்கிற அடுத்தவன் கேம்லயும் 30 சதவீதம் வாக்குல கமிஷன் எடுக்கணும். பிஎஸ்5 2021ல இந்தியாவுக்கு வந்தப்ப 49,990 ரூபா, ஒரே ஒரு கேமுக்காக அத வாங்குன்னா நம்ம ஊர்ல எத்தன வீட்ல முடியும்? எல்லாத்துலயும் விடுங்கப்பாங்கறதுதான் என் கட்சி, லேட்டானாலும் சரி. சோனியே 2018ல வந்த காட் ஆஃப் வார 2022ல பிசிக்கு விட்டுச்சே.

பிசில மட்டும் ஒரு வில்லங்கம் இருக்கு. வெளிச்சம், நெழல், தண்ணி எப்படித் தெரியணும்னு கிராபிக்ஸ் கார்டுக்கு சொல்ற குட்டி புரோகிராம் பேரு ஷேடர். பிஎஸ்5 மாதிரி கன்சோல்னா அந்த மாடல் எல்லாத்துலயும் ஒரே சிப்புங்கறதால கம்பெனிலயே கம்பைல் பண்ணி, அதாவது சிப்புக்குப் புரியிற கட்டளையா மாத்தி, அனுப்பிருவான், ரெடிமேட் சட்ட மாதிரி. பிசில ஆளாளுக்கு ஒரு கார்டு, அதனால அளவெடுத்து தைக்கிற வேலை நம்ம வீட்டு மெஷின்லதான் நடக்கும். கேம் தொறக்குறப்ப ஷேடர் கம்பைலிங்னு ஒரு பார் ஊர்ந்துகிட்டே கெடக்குதே, அது இதுதான். கடுப்புல அத ஸ்கிப் பண்ணிட்டு உள்ள போனா அதே வேலை விளையாடுறப்ப நடக்கும், சரியா பாஸ் கத்தியத் தூக்குற நேரத்துல கேம் சிக்கி நிக்கும்.