ஒரு மாடு படுத்துவிட்டால்: பழைய ஃபோர் வீல் ஜீப் எப்படி இழுக்கிறது?

வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையே பாலாற்று மணலில் என் பழைய ஜீப் முதன்முறை சிக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்படி கியரைப் போட்டிருந்தேன். சுழன்றவை இரண்டு மட்டுமே: முன்னால் இடது சக்கரம், பின்னால் வலது சக்கரம். மற்ற இரண்டும் நட்டுவைத்த கல்லைப் போல நின்றன. கரையிலிருந்து டிராக்டரோடு இறங்கிவந்த விவசாயி ஒருவர் குனிந்து அடியில் பார்த்தார். "தம்பி, இதில் டிஃப் லாக் பெடல் கிடையாதா?" என்றார். "இல்லை அண்ணா" என்றேன். "அப்படியென்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே சங்கிலியை மாட்டினார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. பழைய ஜீப்பைச் சீர்செய்யவோ மாற்றியமைக்கவோ ஆசைப்படும் எவரும் முதலில் விடை தேட வேண்டிய கேள்வியும் அதுதான்.

ஒரு ஜீப் முழு வட்டம் அடித்துத் திரும்பினால், அதன் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடச் சுமார் 7.7 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வட்டம் பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள சுமார் 1.23 மீட்டர் அகலம் மட்டுமே கணக்கு. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்தபடியே திரும்பும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஆக்சிலின் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓட அது இடம் கொடுக்கிறது. அதற்கு ஈடாக ஒரு கண்டிப்பான விதியையும் வைக்கிறது: இரண்டு பக்கமும் முறுக்குவிசை எப்போதும் சமமாகவே போகும்.

இந்த விதியைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஏர் போதும். நுகத்தடியின் நடுவில் ஏர்க்கால் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் இரண்டு மாடுகள். நுகம் நேராக நிற்க வேண்டுமானால் இரண்டும் சமமாக இழுக்க வேண்டும். ஒரு மாடு தளர்ந்து நின்றுவிட்டால், மற்றது எவ்வளவு திமிறினாலும் நுகம் கோணிக்கொள்ளுமே தவிர ஏர் நகராது. வலுவான மாட்டின் வலுவை எதிர்முனையில் தாங்க ஆள் இல்லை. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறிய பினியன் பற்சக்கரங்கள் செய்வதும் இந்த நுகத்தடி வேலைதான். மணலில் வழுக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் விசைக்கே சுழன்றுவிடும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் அதன் ஜோடிக்கும் 100தான் கிடைக்கும். அதற்கு மேல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வழுக்கும் சக்கரம் வேகமாகச் சுழன்று குழி தோண்டும், அவ்வளவுதான்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி, ஆக்சில்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகப் பூட்டுகிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே விசையைப் பங்கிடுவதில் அது எதுவும் செய்வதில்லை. முன் ஆக்சிலில் ஒரு நுகம், பின் ஆக்சிலில் ஒரு நுகம் என இரண்டு நுகங்கள் அப்படியே இருக்கின்றன. மேடு பள்ளத்தில் வண்டி குறுக்காக நின்று, மூலைக்கு மூலை இரண்டு சக்கரங்கள் லேசாகிவிட்டால், இரண்டு நுகத்திலும் ஆளுக்கொரு மாடு படுத்துவிட்டது என்று பொருள். அந்த விவசாயியின் டிராக்டரில் இதற்கு மருந்து உண்டு. சேற்று வயலில் ஒரு பக்கச் சக்கரம் புதையும்போது அவர் ஒரு பெடலை மிதிப்பார். டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும், நுகம் ஒரே இரும்புத் தண்டாகிவிடும். இடம், வலம் தனித்தனிப் பிரேக் பெடல்களும் அவருக்கு உண்டு. வழுக்கும் சக்கரத்தை மட்டும் பிடித்தால் போதும், அடுத்த சக்கரத்துக்கு விசை போய்விடும். ஜீப்பின் பிரேக் இரண்டையும் ஒரே அளவில் பிடிக்கிறது. ஒரு பக்கம் கிடைத்ததை மறுபக்கம் அதுவே தின்றுவிடும். பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத் தண்டில் இருக்கிறது என்பதால் அதுவும் இங்கே உதவாது.

இந்த இடத்தில்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். வண்டி சிக்குகிறது, எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை, பெரிய எஞ்சின் வைக்கலாம் என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். மஹிந்திரா பல்லாண்டுகள் தயாரித்த சிஜே 3பி ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் அதிகபட்சம் 150 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவிசை தரும். முதல் கியர் அதை 2.8 மடங்காக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் இன்னும் 2.46 மடங்கு, ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் 5.38 மடங்கு. பெருக்கினால் 37 மடங்கு. பற்சக்கர உராய்வில் போவதைக் கழித்தாலும், தரையில் 1,300 கிலோ எடையைத் தூக்கும் அளவு உந்துவிசை கிடைக்கும். அந்த வண்டியின் எடையே ஆட்களோடு சேர்த்து அதற்குள்தான் வரும். அதாவது, டயர் தரையைப் பற்றக்கூடிய அளவைவிட அதிகமான விசை ஏற்கெனவே கையில் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் உறுமிக்கொண்டிருக்கும்போது இதே கியரில் வண்டி மணிக்கு 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஒருவர் நிதானமாக நடப்பதைவிட மெதுவாக. பாறைமேல் ஒவ்வொரு அங்குலமாக ஏற்றி இறக்க இதைவிட வேறென்ன வேண்டும்? குறை எஞ்சினில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது.

பிடிப்பைக் கூட்ட மிக மலிவான வழி காற்றைக் குறைப்பது. 1,200 கிலோ வண்டியில் ஒரு சக்கரம் 300 கிலோ சுமக்கிறது. டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்டிமீட்டர். விரித்த கை ஒன்றின் அளவு. 15 பிஎஸ்ஐ ஆக்கினால் பரப்பு இரட்டிப்பாகும். டயரின் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளரும் என்பதால், மணலைத் தோண்டாமல் அதன்மேல் பாய் விரித்ததுபோல் உருளும். பாலாற்றில் நான் அன்று டிராக்டருக்குக் காத்திருந்த நேரத்தில் இதைச் செய்திருந்தால் வண்டி தானாகவே வெளியே வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் டியூப் போட்ட பழைய டயரில் ஓர் ஆபத்து உண்டு. காற்று குறைந்த டயர் ரிம்மின்மேல் மெல்ல நழுவிச் சுற்றும். உள்ளே இருக்கும் டியூபையும் இழுத்துச் செல்லும். டியூபின் வால்வோ ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு அசையாது. வேரோடு கிழிந்துபோகும். அதனால் டியூப் டயரில் 18க்குக் கீழே நான் போவதில்லை. நம் பகுதிக்கென்றே இன்னொரு தொல்லையும் இருக்கிறது: ஆற்றுப் படுகை முழுக்கச் சீமைக்கருவேலம். தளர்ந்த டயரின் பக்கச்சுவர் புடைத்து நிற்கும்போது அந்த முள் நேராக அங்கேதான் ஏறும். மணலைத் தாண்டியதும் காற்றை நிரப்பிவிட வேண்டும். கையில் பம்ப் இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது.

அடுத்த ஆசை, வண்டியை உயர்த்துவது. வண்டியைத் தாங்கும் வில்தகடான கமானுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்தோ, வளைவு கூடிய கமான் போட்டோ உயர்த்துகிறார்கள். உடல் உயரும், ஆனால் பாறையில் முதலில் இடிப்பது ஆக்சிலின் நடுவில் புடைத்து நிற்கும் டிஃபரன்ஷியல் கூடு. அது ஓர் இழைகூட உயராது. அதை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும், அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் ஓர் அங்குலம்தான் கிடைக்கும். அந்த ஓர் அங்குலத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை: கியர் அந்த விகிதத்தில் நீளமாகி இழுவை குறையும், பிரேக்குக்கு எதிராக நெம்புகோல் நீளும், ஸ்டீயரிங்கிலும், முன் சக்கரம் திரும்பும் முளையான கிங்பின்னிலும் பாரம் ஏறும்.

உயர்த்திய வண்டியில் கிராஸ் என்ற சிலுவை மூட்டு படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோணத்தில் ஓடும் ஒரு கிராஸ், உள்ளே சீராக வரும் சுழற்சியை வெளியே சீராகத் தராது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடும், இருமுறை குறையும். தண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் வைத்து, இரண்டின் கோணத்தையும் சமமாக அமைத்தால் ஒன்று செய்யும் கோளாறை மற்றது நேராக்கிவிடும். இதுதான் பழைய வடிவமைப்பாளர்கள் கண்ட அழகான சமரசம். சிஜே ஜீப்பின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே நீளம் இரண்டு மீட்டர்தான். எனவே பின் தண்டு மிகக் குட்டை. குட்டைத் தண்டில் மூன்று அங்குல உயர்வு என்பது பெரிய கோணம். ஆக்சிலின் முகத்தை ஆப்பு வைத்துத் திருத்தாமல் விட்டால், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் தரைத் தகடு நடுங்கும். சில மாதங்களில் கிராஸின் ஊசி பேரிங்குகள் துருப்பொடியாகிவிடும்.

டிஃபரன்ஷியல் லாக்கர் வாங்கிப் பொருத்தலாமே என்றால், பொருத்தலாம். நல்ல கருவி அது. ஆனால் நுகத்தைப் பூட்டிய பிறகு, இரண்டு மாடுகளின் பாரமும் ஒற்றை மாட்டின் கழுத்தில் விழலாம். டிஃபரன்ஷியலிலிருந்து ஒரு சக்கரத்துக்குப் போகும் அரைத் தண்டு, முன்பு பாதி விசையைச் சுமந்தது, இனி முழு விசையையும் சுமக்க நேரும். பழைய ஜீப்பின் பின் அரைத் தண்டு முனையில் கூம்பாகி, ஒரு சிறிய சாவிக் கட்டையோடு ஹப்பில் பொருந்துகிறது. அங்கேதான் முதலில் முறியும். லாக்கருக்கு முன் அந்தத் தண்டைப் பாருங்கள்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எஞ்சின் மாற்றம் போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். ஜவ்வாது மலையில் காப்புக் காட்டுக்குள் இறங்க வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

என்னைக் கேட்டால், பழைய ஜீப்புக்கு முதல் மாற்றம் என்பது அதைப் பழையபடி ஆக்குவதே. முன் சக்கரத்தைத் திருப்பும் மூட்டு ஓர் இரும்பு உருண்டை. அதைச் சுற்றிக் கம்பளிப் பட்டை சீல் இருக்கிறது. அந்தப் பட்டை தேய்ந்தால் ஆற்று மணல் உள்ளே போய் கிரீஸோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடும். கிங்பின் பேரிங் தளர்ந்து, ஒரு வேகத்தடையைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் ஆடும். உடனே பலர் ஸ்டீயரிங் டேம்பர் வாங்கி மாட்டுகிறார்கள். நோய் உள்ளே இருக்க நடுக்கத்தை மட்டும் பிடித்து நிறுத்துவது அது. அதற்குப் பதில், கிங்பின்னுக்கு மேலேயும் கீழேயும் உள்ள மெல்லிய தகடுகளை எடுத்தும் சேர்த்தும், கொக்கித் தராசால் மூட்டை இழுத்துப் பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். அரை நாள் வேலை, பொறுமைதான் செலவு.

ஃபோர் வீலைத் தார்ச் சாலையில் போட்டு ஓட்டக் கூடாது என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் காரணமும், முதலில் பார்த்த திருப்பக் கணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகின்றன. முன்னும் பின்னும் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசம் தண்டுகளில் முறுக்காக ஏறும். மணலில் டயர் சற்று வழுக்கி அதை விடுவித்துவிடும். தாரில் வழுக்காது, பற்சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும். ஃபோர் வீலை விடுவிக்கும் லீவர் நகர மறுத்தால் சில அடி பின்னால் எடுங்கள், முறுக்கு அவிழும்.

கடைசியாகத் தண்ணீர். இதை நான் மனம் வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பகுதி ஜீப்புகள் பெரும்பாலும் இதனால்தான் சாகின்றன. 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வருடத்தின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு எப்படி மாறும் என்று. ஓடும் வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது. நான் சொல்வது வடகிழக்குப் பருவமழைக்குப் பின் முழங்கால் அளவு நீர் தேங்கி நிற்கும் ஓடைகளையும் தரைப்பாலங்களையும் பற்றி.

நெடுஞ்சாலையில் ஓடிவந்த ஆக்சிலுக்குள் காற்று 80 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28 டிகிரி நீரில் இறக்கியதும் அது திடீரெனக் குளிர்கிறது. மூடிய கலத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 15 சதவீதம் விழும். ஒன்றரை மீட்டர் ஆழ நீர் தரும் அழுத்தத்துக்கு இணையான உறிஞ்சல் அது. ஆக்சிலின் மேல் பிரீதர் என்ற கட்டைவிரல் அளவு மூச்சுக்குழாய் இருக்கிறது. அது திறந்திருந்து நீருக்கு மேலே இருந்தால் காற்று உள்ளே போகும், பிரச்சினை தீர்ந்தது. புழுதியால் அடைத்திருந்தால் ஆயில் சீலின் உதடு வழியாக நீர் உள்ளே இழுக்கப்படும். எண்ணெயைப் பிடித்துவைக்கச் செய்த அந்த உதடு, வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்கச் செய்ததல்ல. பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் போதும். ஜீப்பில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியாது.

நீரில் இறங்கிய அன்று இரவு வண்டியைச் சமதளத்தில் நிறுத்திவிடுங்கள். நீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால், கலங்கிக் கூழாகாதவரை விடியும்போது அடியில் தங்கியிருக்கும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன், டிஃபரன்ஷியலின் அடித் திருகை ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்தி, கீழே ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடியுங்கள். முதலில் விழும் துளி தேன் நிறத்தில் இருந்தால் திருகை இறுக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். தெளிந்த நீராகவோ, மோர் நிறத்திலோ இருந்தால் முழு எண்ணெயையும் அன்றே வடித்துவிட வேண்டும். எண்ணெய் விலகிய இடத்தில் பேரிங்கின் பளபளப்பான முகத்தில் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது.