ஒரு பக்கம் மூடி மறுபக்கம் விடும் போர்டு

"செல்லில் 3.7 வோல்ட் இருக்கிறது, ஆனால் பாதுகாப்பு போர்டை சால்டர் வைத்ததும் வெளிமுனையில் ஒன்றுமே வரவில்லை, போர்டு போய்விட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் போயிருக்காது. சார்ஜரை ஒரு கணம் இணைத்துப் பாருங்கள், உயிர் வந்துவிடும். ஏன் என்று சொல்ல, லித்தியம் பேட்டரி செல்லோடு இணைக்கும் அந்தச் சின்னப் பாதுகாப்பு போர்டுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

லித்தியம் அயனி செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் திணித்துக்கொண்டே போனால், எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைய இடமில்லாத லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படியும், நேர்முனைப் பொருளும் குலைந்து ஆக்சிஜனை விடும், பிறகு தீதான். ரொம்பக் கீழே இறக்கினாலும் ஆபத்து உண்டு: எதிர்முனையின் செப்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கிவிடலாம். இதைக் கவனிக்கத்தான் ஒற்றை செல் போர்டுகளில் டிடபிள்யூ01 என்ற ஆறு கால் சிப் இருக்கிறது. சுமார் 4.3 வோல்ட் தாண்டினால் சார்ஜைத் துண்டிக்கும், சுமார் 2.4க்கு இறங்கினால் வெளியே போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும். இதற்காக அது எடுத்துக்கொள்வது சில மைக்ரோ ஆம்பியர் மட்டுமே.

துண்டிப்பது பக்கத்தில் இருக்கும் இரண்டு மாஸ்ஃபெட்கள், அதாவது சிப் சொன்னபடி திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒரு சுவிட்ச் போதாதா, எதற்கு இரண்டு? மாஸ்ஃபெட்டை அணைத்தாலும் அதன் உடம்புக்குள்ளேயே ஒரு டயோடு இருக்கிறது, அது ஒரு திசையில் மின்சாரத்தை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதாவது ஒற்றை மாஸ்ஃபெட்டால் ஒரு திசையை மட்டும்தான் அடைக்க முடியும். அந்தக் குறையையே வசதியாக மாற்றிவிட்டார்கள்: இரண்டையும் எதிரெதிராகத் திருப்பி வரிசையாக இணைத்து, ஒன்றை சார்ஜுக்கும் மற்றொன்றை டிஸ்சார்ஜுக்கும் கொடுத்துவிட்டார்கள். செல் தீர்ந்துபோய் டிஸ்சார்ஜ் மாஸ்ஃபெட் மூடிக்கொண்டாலும், சார்ஜரின் மின்சாரம் அதே மாஸ்ஃபெட்டின் டயோடு வழியாக உள்ளே வந்துவிடும். மேல் எல்லையில் சார்ஜ் மாஸ்ஃபெட் மூடினால், அதன் டயோடு வழியாக நீங்கள் பேட்டரியைப் பயன்படுத்தலாம். எந்தப் பக்கம் ஆபத்தோ அந்தப் பக்கம் மட்டும் அடைபடுகிறது, அதிலிருந்து மீளும் வழி திறந்தே இருக்கிறது!

இன்னொன்று. அதிக மின்சாரம் ஓடுவதை அளக்க இதில் தனி ரெசிஸ்டர் கிடையாது. இரண்டு மாஸ்ஃபெட்களும் சேர்ந்து 50 மில்லி ஓம் தடை தருவதாக வைத்துக்கொள்ளுங்கள்; அதன் குறுக்கே 0.15 வோல்ட் விழுந்தால் சிப் துண்டிக்கும், அதாவது 3 ஆம்பியர். சூடானால் மாஸ்ஃபெட்டின் தடை கூடும் என்பதால், போர்டு சூடாக இருக்கும்போது இன்னும் குறைந்த மின்சாரத்திலேயே துண்டித்துவிடும். யாரும் தனியாகக் கேட்காமலே கிடைத்த கூடுதல் பாதுகாப்பு இது.

சரி, வாசகரின் கேள்விக்கு வருவோம். செல்லை இணைக்கும் நேரத்தில் சிப் சில சமயம் "செல் தீர்ந்துவிட்டது" என்ற நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். சார்ஜர் இணைந்ததை உணர்ந்ததும் பூட்டு விலகும். அதற்குப் பிறகும் பூஜ்யம்தான் என்றால் சால்டரைச் சோதியுங்கள்.

இந்தப் போர்டு சார்ஜர் இல்லை, இதை நம்பி 5 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கவே கூடாது. 4.3 என்பது கடைசித் தடுப்பு, 4.2ல் நிறுத்துவது சார்ஜரின் வேலை. "அவ்வப்போது பேட்டரியை முழுசாகத் தீர்த்துவிட்டு சார்ஜ் போடு" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம் அது, லித்தியத்துக்குக் கெடுதல்தான். போர்டு துண்டிக்கும் வரை ஓட்டுவதைத் தினசரிப் பழக்கமாக்காதீர்கள்.

மூன்று செல்களை வரிசையில் போட்டால் ஒற்றை செல் போர்டு உதவாது. சார்ஜருக்குத் தெரிவது மொத்தம் 12.6 வோல்ட் மட்டுமே. அதில் ஒன்று 4.4லும் இன்னொன்று 4.0விலும் இருக்கலாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்க்கும் மூன்று செல் போர்டு வேண்டும், செல்களின் வோல்ட்டைச் சமமாக்கும் பேலன்ஸ் வசதியோடு இருந்தால் இன்னும் நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் என்றால் அதன் மேல் எல்லையே 3.65 வோல்ட்தான், ஆகவே மேலே சொன்ன போர்டு அதைக் காப்பாற்றாது. அதற்கென்று இருப்பதையே கேட்டு வாங்குங்கள்.