பலகை குடித்த ஈரம்

எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் சாமி புறப்படும் முன் தப்பு என்ற தோல் பறையை அடிப்பவர்கள் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். இலங்கை மலைநாட்டில், எங்கள் ஹட்டன் பனியில் ஈரம் குடித்த தோல் ‘தொப், தொப்’ என்றுதான் பேசும். சூடு பட்டதும் விறைத்து ‘டண்’ என்று எழும். கையால் செய்யும் கிளாசிக்கல் கிட்டாரின் மேல்பலகையும் கிட்டத்தட்ட இதே ரகம். என்ன, அதை நெருப்பில் காட்ட முடியாது.

மெல்லிய நைலான் கம்பி தனியாக எவ்வளவு காற்றைத் தள்ளிவிடும்? அதன் அதிர்வு, பலகைமேல் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை வழியாகப் பலகைக்கு இறங்குகிறது. காற்றைத் தள்ளுவது பலகைதான். ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தொர்ரெஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டாரே கட்டிக் காட்டினார்.

ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் மரத்தில் அறுக்கும் அந்தப் பலகையின் தடிப்பு சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ பாரத்துக்கு இழுக்கும். தடிப்பாக விட்டால் பலகை அசையாது, மெலிந்தால் வளைந்துவிடும். தடிப்பில் பத்தில் ஒரு பங்கைச் சீவினாலே விறைப்பு கால்வாசிக்கு மேல் போய்விடும். அதனால் கைவினைஞர் கொஞ்சம் சீவுவார், ஓரத்தைப் பிடித்துத் தூக்கி விரல் மொளியால் தட்டிக் கேட்பார், இரு கையாலும் லேசாக வளைத்துப் பார்ப்பார், மறுபடி சீவுவார். ஒரே மரத்துப் பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அளவுகோலை மட்டும் நம்பி என்ன செய்வது? அப்புறம் உட்புறம் விசிறி மாதிரி மெல்லிய பட்டிகள் ஒட்டுவார், பலகை இழுவையைத் தாங்க.

இவ்வளவு மெலிந்த மரம் மலைநாட்டுக்கு வந்தால்? ஈரம் பட்டால் மரம் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்கே ஊதும். ஜூன் மழையில் என் கிட்டாரின் பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் மேடு தட்டி, கம்பிகள் உயர்ந்து, அழுத்த அழுத்த விரல் நொந்தது. கம்பியை மாற்றலாம் என்று தூக்கிப் போனேன்.

“கம்பிய குத்தம் சொல்லாதீங்க தம்பி, பலகை தண்ணி குடிச்சிருக்கு,” என்றார் தச்சர்.

திருவிழாவில் தப்பைக் காய்ச்சும் ஞாபகத்தில், அடுப்படியில் வைக்கட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். வேகமாகக் காய்ந்தால் பலகை குறுக்கே சுருங்கும். சுற்றிலும் ஒட்டியிருப்பதால் சுருங்க இடமில்லாமல் இழையோடு வெடித்துவிடுமாம்.

இப்போது சப்பாத்துப் பெட்டிகளில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்துக் கிட்டார் பெட்டிக்குள் போட்டு வைக்கிறேன். தேயிலைத் தூள் டின்னுக்கும் இரண்டு வேண்டும் என்கிறார் அம்மா.