"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, டாக்டர்"

நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே வீட்டு ஆள் ஒருவர் வந்து நிற்பார். பெரும்பாலும் மூத்த மகன். பயாப்ஸி ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார். "அம்மாவுக்கு விஷயம் தெரியாது டாக்டர். புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

மதுரைப் பக்கம் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் மருத்துவர் நான். இந்தக் கோரிக்கை வராத வாரமே கிடையாது. அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. முந்தின ராத்திரி அவர் கண்ணே மூடியிருக்க மாட்டார். தாயைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கேட்கிறார். ஆனால் நான் சம்மதிப்பதில்லை. ஒரு காலத்தில் சம்மதித்திருக்கிறேன். அதில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பூக்கட்டிப் பிழைக்கும் அம்மா ஒருவர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்தார். இரண்டாம் நிலை, நன்றாகவே குணப்படுத்தலாம். வாரம் 5 நாள் வீதம் 25 நாள் வெளியிலிருந்து கதிர்வீச்சு. எங்கள் ஊர்ப் பேச்சில் 'கரண்டு வைக்கிறது'. கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, அதன்பின் உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் நாள் தள்ளத் தள்ள, மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மறுபடி பெருகத் தொடங்கும். மகன் கேட்டுக்கொண்டபடி, "கர்ப்பப்பை வாயில புண்ணும்மா, கரண்டு வச்சா ஆறிடும்" என்றேன். ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைத்தது அவர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தது மகனுக்கு.

இந்த சிகிச்சையில் இரண்டு மூன்று வாரத்திலேயே உதிரப்போக்கு பெரும்பாலும் நின்றுவிடும். கட்டி சுருங்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான்; நோய் போய்விடவில்லை. அந்த அம்மாவுக்கும் நின்றது. 12-ம் நாள் அவர் வரவில்லை. போன் செய்தால், "புண்ணு ஆறிப்போச்சு தாயி, ரத்தம் படுறது நின்னுடுச்சு. தை மாசம், முகூர்த்தமா இருக்கு, பூவுக்கு ஆள் பத்தல" என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அந்த ஒரு வார்த்தையைத் தவிர. 5 மாதம் கழித்து கால் வீங்கி, சிறுநீர்ப் பாதை அடைபட்டு வந்தார். அப்போதுதான் சொன்னோம். அவர் அழவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டேனே தாயி" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வருஷம் தை மாதத்துக்கு அவர் இல்லை.

மறைத்தாலும் நிற்காது என்பது இன்னொன்று. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் "கேன்சர் ஆஸ்பத்திரியா?" என்று கேட்பார். காத்திருக்கும் ஹாலில் பக்கத்து பெஞ்சுக்காரர் தன் கதையைச் சொல்லுவார். எல்லாவற்றையும்விட வீடே சொல்லிவிடும். நேற்றுவரை எதிர்த்துப் பேசின மருமகள் திடீரென்று குழைவாகப் பேசுவார். பத்து வருஷமாக வராத சொந்தம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வரும். அடுப்படிக்குப் போனால், "நீ உக்காரும்மா" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். கட்டிக்கொண்டிருந்த சீட்டு, பேத்திக்குப் பார்த்த வரன் எதைப் பற்றியும் அவரிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கூடத்தில் பேச்சு நடக்கும். அவர் அங்கே வந்ததும் நின்றுவிடும். நோய் உடம்பில் ஒரு மூலையில்தான் இருக்கும். அதற்குள் வீட்டில் அவருக்கிருந்த இடம் போய்விடும்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. வேண்டாம். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. கதிர்வீச்சுக் கருவியை நிறுத்தியதும் உடம்பில் எதுவும் மிச்சமிருக்காது. பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸை வைத்துப் பெண்ணின் நடத்தையைச் சந்தேகிக்கிற கொடுமையையும் பார்த்திருக்கிறேன். தாம்பத்தியத்தில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வந்து, பெரும்பாலும் தானாகவே போய்விடும் வைரஸ் அது. சிலருக்குப் போகாமல் தங்கிவிடுகிறது. அதில் யார் மேலும் குற்றமில்லை.

இந்த பயம் நேற்று வந்ததல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அவர் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, இந்த நோய் வந்தால் பிழைக்க முடியாது என்றுதான் ஊரே நம்பியது. அன்று பெயரைச் சொல்லப் பயந்ததில் ஒரு நியாயம் இருந்தது. இன்று நிலைமை வேறு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. கதிர்வீச்சும் கீமோவும் அதில் அடங்கும். ஆரம்பத்திலேயே வந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்று பெரும்பாலோருக்குக் குணமாகிறது. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படுவது, உறவுக்குப்பின் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 30 வயதைத் தாண்டிய பெண்கள் தொந்தரவே இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் மகன்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: நானாகப் போட்டு உடைக்க மாட்டேன், ஆனால் அம்மா கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். பிறகு அம்மாவை உட்காரவைத்து, "உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்பேன். பாதிப் பேர் அவர்களே சொல்லிவிடுவார்கள். சிலர், "எனக்கெதுக்கு தாயி அதெல்லாம், பெரியவன்கிட்ட சொல்லுங்க" என்பார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு, அங்கேயே நிறுத்திக்கொள்வேன். தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நோயின் பெயரைச் சொன்னபின் சற்று நேரம் பேசாமல் இருப்பேன். அந்த நேரத்தில் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அவர் நிமிர்ந்து பார்த்தபின், என்ன செய்யப்போகிறோம், எத்தனை நாள் என்று சொல்லுவேன்.

போன பங்குனியில் ஒரு அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அந்த அம்மா மகன் பக்கம் கையை நீட்டி, "ஏன்டா, இதைத்தான் ஒரு மாசமா மறைச்சியா? அதான் சோறே இறங்கல போல உனக்கு" என்றார். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"25 நாளுன்னா சித்திரையில வருதே தாயி. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு மட்டும் லீவு குடுப்பீகளா?"

"போயிட்டு வாங்கம்மா. அந்தக் கணக்கை சனிக்கிழமை ஈடுகட்டிக்கலாம்" என்று அட்டையில் குறித்துக்கொடுத்தேன்.